ஒரு நாள் கழித்து

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களுக்கு அவள் தேதியக்கா. பத்திரிகையின் நான்காம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, 'வரலாற்றில் இன்று' என்று ஐந்து வரியில் ஒரு பெட்டி வருமே, அதை எழுதுகிறவள். ஐந்து வரிதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, காய்ச்சல் கிடையாது, வீட்டில் விசேஷம் கிடையாது. தேதி பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

அவள் சேர்ந்தது பிழை திருத்தும் வேலைக்கு. இந்தப் பெட்டியை எழுதிக்கொண்டிருந்தவர் கண் அறுவைக்காக விடுப்பு எடுத்தார். "ஒரு வாரம் பாத்துக்கம்மா, போதும்" என்றார்கள். சரி என்று தலையாட்டினாள். அந்த ஒரு வாரம் இருபத்தாறு வருடமாக நீண்டு, இன்னும் முடிந்தபாடில்லை. இந்த நவம்பரோடு அவளுக்கும் ஓய்வு. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரே ஐந்து வரியைத் தேடிக் கொடுத்துவிடுமாம். தாராளமாகக் கொடுக்கட்டும், அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

மூன்றாவது மாடியில், பழைய பேப்பர் கட்டுகளை அடுக்கி வைத்த அறையின் ஒரு மூலைதான் அவள் இடம். பன்னிரண்டு இழுப்பறை வைத்த ஒரு மர அலமாரி, மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒன்றாகப் பழுப்பு உறைகள், மொத்தம் முந்நூற்று அறுபத்தாறு. உறைக்குள் சின்னச் சின்ன அட்டைகள், அட்டையின் முதுகில் குண்டூசியால் குத்திய செய்தித் துணுக்குகள். ஜூன் இழுப்பறை மட்டும் முக்கால்வாசியில் சிக்கிக்கொள்ளும், அதை இழுக்க முழங்காலைக் கொடுத்து நெம்ப வேண்டும். நெம்பி நெம்பி அந்த முழங்காலும் இப்போது போய்விட்டது.

இந்த வேலைக்கென்று சில விதிகள் உண்டு. அக்டோபர் புரட்சியை நவம்பரில் போட வேண்டும், அந்த நாட்டில் அப்போது நாட்காட்டியே வேறாக இருந்ததால். பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு உரியதைப் பிப்ரவரி இருபத்தெட்டில் திருட்டுத்தனமாகப் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: பழைய பேப்பரிலிருந்து ஒரு செய்தியை எடுத்தால் ஒரு நாளைக் கழித்துக்கொள். செவ்வாய்க்கிழமை காலைப் பேப்பரில் வருவது திங்கட்கிழமை நடந்ததுதானே? பேப்பரின் தேதியை அப்படியே போட்டால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப் போய்விடும். தேதியக்கா கை தன்னாலேயே கழித்துவிடும். ரேஷன் அட்டையில் தேதியைப் பார்த்தால்கூட மனசு ஒன்றைக் கழித்துக்கொண்டுதான் அடுத்த வேலைக்குப் போகும்.

அலுப்பு என்றால் அப்படி ஒரு அலுப்பு. வருடா வருடம் ஏப்ரலில் அதே கப்பல் மூழ்கும். நவம்பரில் அதே சுவர் இடியும். யாரோ பிறப்பார்கள், யாரோ சுடப்படுவார்கள், மறுவருடமும் அதே நாளில் அவர்களே பிறந்து அவர்களே சுடப்படுவார்கள். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார்கள். தேதியைக் கேட்டதும், "அய்யோ, அன்னிக்குப் பெரிய நிலநடுக்கம் ஆச்சே" என்று இவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து வீட்டில் நல்ல காரியத்துக்கு நாள் பார்த்தால் அவள் காதுக்கு எட்டாமல் பார்க்கிறார்கள். "உன் வாயில ஒரு நல்ல நாளும் வராதா?" என்பார் கணவர். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் அவளுக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும்.

போதாக்குறைக்குக் கடிதங்கள். ஜூலை மாதம் வந்தால் நிலவுக் கடிதங்கள். மனிதன் நிலவில் இறங்கியது இருபதா, இருபத்தொன்றா? ராக்கெட் விட்ட நாட்டில் இருபதாம் தேதியாக இருந்தபோதே பாதி உலகத்துக்கு விடிந்து இருபத்தொன்று ஆகிவிட்டது. இருபதில் போட்டால் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும், இருபத்தொன்றில் போட்டால் இன்னொரு கூட்டம். அதனால், ஜூலை கடைசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு அம்மாள் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "இருபதாம் தேதி போட்டது தப்புங்க" என்றபோது, தேதியக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நிலாவா?"

"நிலாவா? இல்லைங்க, பாலம்."

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த பேப்பர் துண்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். போன வாரத்துப் பெட்டி. முதல் வரி நிலவு. ஐந்தாவது வரியில், முப்பத்தோரு வருடத்துக்கு முன் ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்து பதினேழு பேர் இறந்தார்கள் என்று இருந்தது. அது சின்னப் பாலம், சின்ன ஆறு. வேறு எந்தப் புத்தகத்திலும் வராத செய்தி. இருபதாம் தேதிக்கு ஐந்தாவது வரி கிடைக்காமல் திண்டாடிய முதல் வருடத்தில், ஒரு பழைய துணுக்குக் கட்டுக்குள் அகப்பட்டதை எடுத்து அவள்தான் போட்டாள். அதன் பிறகு பள்ளிக்கூட வினாடி வினாப் புத்தகத்திலும் அது ஏறிவிட்டது. அவர்கள் சுட்டதும் இவளிடமிருந்துதான்.

"பாலம் இடிஞ்சது இருபத்தொண்ணாம் தேதி" என்றாள் அந்த அம்மாள். "எங்க வீட்டுக்காரர் அதுல போயிட்டாரு."

தேதியக்கா பேனாவைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள்.

அந்த அம்மாள் உட்கார்ந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், புடவை முந்தானையில் வியர்வை. தண்ணீர் குடித்துவிட்டு, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். "என் பையன் பிறந்தது இருபத்தொண்ணாம் தேதி விடியக்காலை நாலு மணிக்கு. அவங்கப்பா ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. பையனைக் கையில வாங்கினாரு. வெச்சிருந்தாரு ஒரு அரை மணி நேரம். அப்புறம்தான் வேலைக்குக் கெளம்பினாரு. பத்து மணிக்கு மேல பாலம் போயிடுச்சு. மூணாம் நாள்தான் உடம்பு கெடச்சுது. சர்டிபிகேட்டுல அந்தத் தேதியைத்தான் போட்டுக் குடுத்தாங்க, இருபத்துமூணுன்னு."

"சரி."

"இதை நான் பையன்கிட்ட சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லி வளத்தேன். வேற என்ன இருக்கு எங்கிட்ட? பன்னெண்டு வயசுல ஒரு நாள் ஸ்கூல்லேருந்து வந்தான். கையில உங்க பேப்பர். பாலம் இருபதாம் தேதியே இடிஞ்சிருக்கு, நான் பிறந்தது இருபத்தொண்ணு, அப்புறம் அப்பா எப்படி வந்தாருன்னு கேட்டான். பேப்பர்ல தப்பா போட்டிருக்காங்கடான்னேன். பேப்பர்ல எப்படிம்மா தப்பு வரும்னான். அதோட சரி. அதுக்கப்புறம் அப்பா பேச்சையே அவன் எடுக்கல."

யாரோ வந்து மேஜைமேல் டீ வைத்துவிட்டுப் போனார்கள். அந்த அம்மாள் அதைத் தொடவில்லை.

"போன மாசம் அவனுக்குப் பொண்ணு பிறந்தா. நான் மடியில போட்டுக்கிட்டு, உங்கப்பனை உங்க தாத்தா இப்படித்தான் தூக்கினாருடின்னு வாயில வந்துட்டுச்சு. பக்கத்துல நின்னவன் சொல்றான், 'போதும்மா, எனக்குச் சொன்ன பொய்யை அவளுக்கும் சொல்லாதே'ன்னு." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "கோவமாக்கூடச் சொல்லலைங்க. பாவம் போனா போகுதுங்கற மாதிரி சொன்னான். அதான் தாங்கல."

தேதியக்காவுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கம் இருக்கிறதே, அது முந்திக்கொண்டது. ஜூலை இழுப்பறையைத் திறந்து, உறையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். 20-7. சந்தேகமே இல்லை.

"எங்ககிட்ட ஆதாரம் இருக்குங்க. பேப்பர்ல வந்ததை வெச்சுத்தான் போடறோம்."

"எனக்கு ஆதாரம் எதுக்குங்க? வலியெடுத்தது எனக்கு. என்ன தேதின்னு எனக்குத் தெரியாதா?"

"பிறந்த தேதியை நான் மறுக்கலை. ஆனா பிரசவ மயக்கத்துல ஒரு நாள் முன்னப் பின்ன குழம்பியிருக்கலாம். வேற யாரோ வந்து பாத்ததை..."

சொல்லும்போதே அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அம்மாள் பேப்பர் துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என் பையனும் இதையேதான் சொல்றான்" என்று எழுந்தாள். "கண்ணாடிக் கடையில வேலை பாக்கறான், மார்க்கெட்டுக்கு எதிர்ல. ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்ணிக் குடுக்கறான். வரேங்க."

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். தேதியக்காவும் விடத்தான் பார்த்தாள். அன்றைய ஐந்து வரியை எழுதினாள். ஆறிப்போன டீயைக் குடித்தாள். மூன்று மணி வாக்கில், எனக்கென்ன வந்தது, இன்னும் நாலு மாசம், போய்ச் சேருகிற நேரத்தில் இதை வேறு தலையில் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டே ஜூலை இழுப்பறையை மறுபடி திறந்தாள். அட்டையைத் திருப்பினாள். குண்டூசி துருப்பிடித்துப் பேப்பரோடு ஒட்டியிருந்தது. அந்தத் துணுக்கை அவள் படித்தது ஒரே ஒரு தடவைதான், இருபத்தாறு வருடத்துக்கு முன். அதற்கப்புறம் அட்டையின் முன்பக்கம் போதுமானதாக இருந்தது.

துணுக்கின் மூலையில், அந்தக் காலத்து ஆவண அறைக்காரர் பேப்பரின் தேதியைப் பென்சிலால் குறித்திருந்தார்: 21-7. எந்தப் பேப்பர் என்று எழுதவில்லை. அவள் ஒன்றைக் கழித்து இருபது என்று அட்டையில் எழுதியிருக்கிறாள். கணக்கு சரிதான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

'இன்று காலை 10.40 மணியளவில்' என்று தொடங்கியது செய்தி.

மறுபடி படித்தாள். இன்று. காலைப் பேப்பரில் எவனும் 'இன்று காலை' என்று எழுத மாட்டான். அச்சாகும்போது காலையே வந்திருக்காதே! 'நேற்று காலை' என்றுதான் எழுதுவான். பிழை திருத்துகிறவளாக ஆயிரம் தடவை 'நேற்று' சரியாக இருக்கிறதா என்று பார்த்து விட்டவள் அவள். பழைய கட்டுகளை இப்போது பார்த்துக்கொள்ளும் ஆவண அறைக்காரருக்குப் போன் போட்டாள்.

"நம்ம ஆபீஸ்ல சாயங்காலப் பேப்பர் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சேக்கா. நீங்க வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி மூடினாங்க. மூணு மணிக்கெல்லாம் தெருவுல விப்பாங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லையாம்! அன்று நடந்ததை அன்றே போடுகிற பேப்பருக்குப் போய் ஒரு நாளைக் கழித்திருக்கிறாள். கழித்தது ஒரு நாள் என்று பார்த்தால், அந்த ஒரு நாளில்தான் ஒரு பிள்ளைக்கு அப்பன் இருந்தான். பிரசவ மயக்கமாம். யாருக்கு மயக்கம்? அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருபத்தாறு ஜூலை மாதம் அந்த வரியைத் தன் கையாலேயே எழுதியதை நினைத்து, தலையை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

செய்தி ஆசிரியரிடம் போனாள். சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். திருத்தம் போட வேண்டும் என்றாள். எந்தத் தேதிப் பேப்பரில் தப்பு என்று கேட்டார். இருபத்தாறு வருடப் பேப்பரிலும் என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, நேத்து வந்த தப்புக்குத் திருத்தம் போடலாம். இத்தனை வருஷத் தப்புக்குப் போட்டா, இந்தப் பெட்டியில வேற என்னென்ன தப்புன்னு ஊரே நோண்ட ஆரம்பிச்சிடும். அடுத்த வருஷம் சத்தம் போடாம இருபத்தொண்ணுல போட்டுடச் சொல்றேன். யார் பாக்கப் போறாங்க?"

"பாக்கறவங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க சார்."

"கேஸ் கீஸ் போடுவாங்களா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்னக்கா? விடுங்க. நீங்க ஏன் உடம்பைக் கெடுத்துக்கறீங்க?"

அவர் சொன்னது அக்கறையாகத்தான். அதற்கு மேல் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பும் இல்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். விலாசம் வாங்கவில்லை என்றாள். "பையன் கடை தெரியுமில்ல?" என்றார்.

மறுநாள் மதியம், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஐந்து வரியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, துணுக்கை ஒரு உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அலுவலகச் சொத்தை வெளியே எடுத்துப் போகக்கூடாது. போனால் போகட்டும், நவம்பருக்கு முன்னால் என்ன செய்துவிடுவார்கள்?

மார்க்கெட்டுக்கு எதிரே அந்தக் கண்ணாடிக் கடை ஒடுக்கமாக நீண்டு கிடந்தது. முன்பக்கம் மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டிய சுவர், பின்பக்கம் ஒரு மேஜையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவன் முப்பது வயதுக்காரன், நெற்றியில் இப்போதே இரண்டு கோடு. தாயின் அதே தாடை. கேட்கவே தேவையில்லாமல் இவன்தான் என்று தெரிந்தது. பெஞ்சில் ஒரு பெரியவர் தன் கண்ணாடிக்காகக் காத்துக்கொண்டு தூங்கி வழிந்தார்.

அவள் உறையைப் பிரித்துத் துணுக்கை மேஜைமேல் வைத்தாள். அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"படிக்க சிரமமா இருக்காம்மா? எழுத்து மங்கலா தெரியுதா?"

"எழுத்து நல்லாத்தான் தெரியுது தம்பி. இருபத்தாறு வருஷமா கையில வெச்சிருக்கேன், படிக்கத்தான் தெரியல. நீங்க ஒரு தடவை படிங்க."

அவன் விளையாட்டாகத்தான் குனிந்தான். இரண்டாவது வரிக்கு வந்ததும் முகம் இறுகியது. "யாரு நீங்க?"

"பேப்பர்ல தேதி எழுதறவ. நேத்து உங்கம்மா எங்கிட்ட வந்தாங்க. நான் அவங்களை நம்பாம அனுப்பிட்டேன்."

"அம்மா அங்க வரைக்கும் வந்துட்டாங்களா?" அவனுக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. "அவங்களுக்கு வேற வேலை இல்லீங்க. மன்னிச்சுக்கோங்க. வயசாயிடுச்சு, அவங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டு..."

"தம்பி, முதல் வார்த்தையைப் படிங்க."

"இன்று காலை."

"அந்த மூலையில பென்சில்ல தேதி இருக்கு பாருங்க. அது சாயங்காலப் பேப்பர். அன்னிக்கு நடந்ததை அன்னிக்கே போடற பேப்பர். அது தெரியாம நான் ஒரு நாளைக் கழிச்சுட்டேன். பாலம் இடிஞ்சது இருபத்தொண்ணு. உங்கம்மா சொன்னதுதான் சரி. தப்பு எம்மேல. நீங்க ஸ்கூல்ல படிச்சீங்களே, அந்த வரியை எழுதினதும் நான்தான்."

அவன் துணுக்கை எடுத்து, சின்ன எழுத்துப் பார்க்கிற பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தான். பென்சில் எழுத்தைப் பார்த்தான். திரும்ப 'இன்று' என்ற சொல்லுக்கு வந்தான். அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டான்.

"பத்து நாப்பது" என்றான் கடைசியில். "நான் நாலு மணிக்குப் பிறந்தேன்."

"ஆமா தம்பி."

"அப்போ அப்பா என்னைத் தூக்கினது நிஜமா?"

தேதியக்காவுக்கு ஆமாம் என்று சொல்லிவிட ஆசைதான். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தெரியாததை எழுதி எழுதித்தானே இந்த நிலைமை? "அது எனக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தேதி மட்டும்தான் தெரியும். ஆறு மணிக்கு உங்கப்பா உயிரோட இருந்தாரு. மீதியைத் தெரிஞ்சவங்க ஒருத்தங்கதான் இருக்காங்க."

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான். அப்புறம் போனை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அம்மா. இல்லல்ல, பாப்பா நல்லா இருக்கா. ஒண்ணும் ஆகல. கடையிலதான் இருக்கேன்." சுவரை விரலால் சுரண்டினான். "அன்னிக்கு அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தாருன்னு சொல்லுவியே. அதைச் சொல்லு. நான்தான் கேக்கறேன், சொல்லேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று அவன் ஒரு தரம் எடுத்துப் பார்த்து, மறுபடி காதில் வைத்தான்.

"இல்லம்மா. நம்பறேன். மொதல்லேருந்து சொல்லு."

தேதியக்காவுக்குக் கிளம்புவதா நிற்பதா என்று தெரியவில்லை. முழங்கால் வலித்தது, பெரியவர் பக்கத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ம் கொட்டிக்கொண்டே இருந்தான்.

"ம். மழையா? அன்னிக்கு மழையா? இதை நீ சொன்னதே இல்லையே. ம்." கொஞ்ச நேரம் கேட்டான். "சட்டை பூரா ஈரம்னா அப்புறம் எப்படிம்மா என்னைத் தூக்கினாரு? கழட்டிட்டாரா? வார்டுலயேவா? நர்ஸு ஒண்ணும் சொல்லலையா?"

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பெஞ்சிலிருந்து தெரியவில்லை. பெரியவர் விழித்துக்கொண்டு, "தம்பி, என் கண்ணாடி என்னாச்சுப்பா?" என்றார். அவன் திரும்பாமலேயே, ரெண்டு நிமிஷம் என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டினான்.

"வெறும் மேலோடயா? குளிருமேம்மா" என்றான் போனில். "ம். சொல்லு."